அண்ணாச்சி வயிற்றில் அயோர்ட்டா

மார்க்கர் அழியவில்லை.

துரைப்பாண்டி அண்ணாச்சி கண்ணாடி முன் நின்று தன் தொப்பையை முறைத்தார். ஆடித்தபசுத் திருவிழாவில் சாயந்திரம் அவருடைய மண்டகப்படி. சட்டையில்லாமல் நின்று பரிவட்டம் கட்டிக்கொள்ள வேண்டும்.

"பெத்தவன் வயிறு என்ன கரும்பலகையா?" என்று மனைவி செண்பகவல்லியிடம் பொரிந்தார்.

குற்றவாளி, நர்சிங் படிக்கும் மகள் சங்கரேஸ்வரி. உடற்கூறு பாடத்தில் ஏற்கெனவே கோட்டை விட்டவள். இன்று மறுதேர்வு. இதிலும் போனால் ஒரு வருடம் வீண். அதனால்தான் நேற்று அவர் சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அவள் எதிரே உட்கார்ந்து வரைந்தாள்.

"செகப்பு அயோர்ட்டா, இடது பக்கம். ரத்தத்தைக் கீழ கொண்டு போகும். குடலுக்கு, ஈரலுக்கு, கிட்னிக்குன்னு கிளை பிரியும். நீலம் வீனா கேவா, வலது பக்கம். ரத்தத்தைத் திரும்ப மேல கொண்டு வரும்."

"செகப்பு டெலிவரி, நீலம் ரிட்டன். அவ்வளவுதானட்டி?" என்ற மளிகைக்கடைக்காரர் அப்படியே தூங்கிப் போனார். காலையில் பருப்பு நிறுக்கும்போதும் அவர் வாய் 'செகப்பு இடது, நீலம் வலது' என்றே முணுமுணுத்தது.

சோப்புக்குத் தோல்தான் எரிந்தது. தேங்காய் எண்ணெய்க்குக் கோடுகள் தடித்தன. செண்பகவல்லி நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைக் கொண்டு வந்து தேய்த்தாள். குடலுக்குப் போனது, கிட்னிக்குப் போனது எல்லாம் கரைந்து, வயிறு ஒரு பாதி சிவப்பு, மறுபாதி நீலம் என்று ஆனது.

"உன்னைத் தேய்க்கச் சொன்னேனா, வெள்ளையடிக்கச் சொன்னேனா?"

மதியம் மகள் போன் செய்தாள்.

"அப்பா, அந்தப் படமே வந்துட்டு. உங்க வயித்துல போட்டதை அச்சு மாறாம வரைஞ்சிட்டேன்."

அண்ணாச்சியின் கோபம் பாதி இறங்கியது. பிள்ளை பாஸாகட்டும், மானம் போனால் போகிறது.

ஆனாலும் கோயிலுக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் போனார். அங்கே ஒரு பெரியவர் விடவில்லை.

"சாமி முன்னால போர்த்திக்கிட்டு நிப்பாகளா? துண்டை இடுப்புல கட்டும் வே."

"என் வயிறு, என் துண்டு. உமக்கு என்ன வே?" என்று சீறிக்கொண்டே அவிழ்த்தார். கூட்டம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

மாலை கொண்டுவந்த காசி மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"நம்ம சங்கரநாராயணர் அப்படியே இருக்காரு அண்ணாச்சி. வலது பக்கம் செகப்பா சிவன், இடது பக்கம் நீலமா பெருமாள். வரைஞ்ச கைக்கு நூத்துக்கு நூறு போடலாம்."

'செகப்பு இடது' என்று முணுமுணுத்தபடி அண்ணாச்சி குனிந்து பார்த்தார்: எதிரே உட்கார்ந்து வரைந்தவளுக்கு இடது, அவருக்கு வலது.