தெளிவானவர்களுக்கு உதவி இல்லை

முடிதிருத்தும் கடைக்காரருக்கு ஒரே மகள். பள்ளி இறுதி வகுப்பு. சின்ன வயதில் ஒரு தெருநாயின் காலில் குத்தியிருந்த முள்ளைப் பிடுங்கிப்போட்ட நாளிலிருந்து, ‘மாட்டு டாக்டர்தான் ஆவேன்’ என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதற்கு வேண்டிய மதிப்பெண் அவளிடம் இருந்தது. வேண்டிய பணம்தான் அப்பாவிடம் இல்லை.

இப்படிப்பட்ட குடும்பங்களின் துயர் துடைக்கவே அரசாங்கம் ‘உயர்கல்வித் திட்டமிடல் மற்றும் நிதியுதவி வழிகாட்டு மையம்’ ஒன்றைத் திறந்திருந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். ‘வழிகாட்டு மையம்’ என்ற பகுதி பக்கத்துச் சந்துக்குள் திரும்பிவிட்டதால், நாலு பேரிடம் வழி கேட்டுத்தான் அப்பாவும் மகளும் உள்ளே போனார்கள்.

ஆலோசகர் அம்மையார் அன்பாகக் கேட்டார். “என்னம்மா படிக்க ஆசை?”

“கால்நடை மருத்துவம், மேடம்.”

“அது கிடைக்கலைன்னா?”

“அடுத்த வருஷம் அதையே கேப்பேன்.”

அம்மையாரின் முகம் வாடிவிட்டது. “ரொம்பத் தெளிவா இருக்காளே சார்!”

கடைக்காரருக்குப் பெருமை பிடிபடவில்லை. “சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தாங்க.”

“சிரிக்காதீங்க. இந்தத் திட்டம் வழி தெரியாத பிள்ளைங்களுக்கு. வழி தெரிஞ்சவங்களுக்கு வழிகாட்ட விதி இல்ல. நாங்க வழிகாட்டாதவங்களுக்கு நிதி கொடுக்கவும் விதி இல்ல.”

“வழி தெரியுது மேடம். பஸ்ஸுக்குத்தான் காசில்ல” என்றாள் மகள்.

“அதுக்குத்தானே நாங்க இருக்கோம்! ஆனா முதல்ல அவ குழம்பணும். மிதமான குழப்பம்னா பாதி உதவி. கடுமையான குழப்பம்னா முழு உதவி. அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க, சோதிச்சுப் பாத்துடலாம்.”

வெளியே வந்ததும் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். “நான் பொய் சொல்ல மாட்டேன்பா.”

“பொய் எதுக்குக் கண்ணு? நிஜமாவே குழம்பிட்டாப் போச்சு” என்றார் அப்பா. எப்படி என்றுதான் அவருக்குத் தெரியவில்லை. அதற்கு அவர் மனைவி வழி சொன்னாள்.

“இதுக்குப் போய் மண்டையை உடைச்சுக்கணுமா? ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்களைக் கூப்பிடுங்க. மிச்சத்தை அவங்க பாத்துக்குவாங்க.”

அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றும்போதே பெரிய மாமா ஆரம்பித்தார். “மாட்டுக்கெல்லாம் டாக்டரா? இனிமே பாலே மெஷின்ல வரப்போகுது. டேட்டா படி.” டேட்டா என்றால் என்ன மாமா என்று மகள் கேட்டாள். “அதைப் படிச்சாத்தான் தெரியும்” என்றார் மாமா.

சித்தப்பா டேட்டாவுக்குக் காலம் போய்விட்டது என்றார், ட்ரோன்தான் இப்போது. அத்தை பெண் ட்ரோன் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருப்பதை நினைவூட்டினாள் சித்தி. சும்மா இல்லை, காத்திருக்கிறாள் என்று அத்தை சண்டைக்குப் போனாள். எல்லோருக்கும் நல்லெண்ணம்தான். ஒருவருக்கும் பேச்சில் முற்றுப்புள்ளி இல்லை.

அவர்கள் போனபின் மகள் சுவரோரமாக உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். “அப்பா, எனக்கு நிஜமாவே மாடு பிடிக்குமா?”

கடைக்காரருக்குப் பகீரென்றது. காசுக்காகக் குழப்பியாயிற்று, தெளியாமலே போய்விட்டால்? அந்த வாரம் அவர் கத்தரிக்கோல் ஓடவில்லை. ஒரு வாடிக்கையாளர் பாதிக் கிருதாவோடு வீடு போய்ச் சேர்ந்தார்.

சோதனையில் ஆலோசகர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் மகள் “தெரியலையே மேடம்” என்று விம்மினாள். மேசையைச் சுற்றி வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார் அம்மையார். “இவ்வளவு தரமான குழப்பத்தை நான் பாத்ததே இல்ல!” முழு உதவி. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்று மையம் கேட்கவில்லை. குழம்பியவரிடம் அதைக் கேட்பது முறையல்ல என்று விதியிலேயே இருந்தது. குழம்புவதற்கு முன்பே கல்லூரிக்குப் போட்டிருந்த மனுப்படி அவள் கால்நடை மருத்துவத்தில் சேர்ந்தாள்.

சேர்ந்த அன்று அப்பாவும் கல்லூரித் தொழுவம் வரை கூடவே போனார். ஒரு கன்றுக்குட்டி வந்து மகளின் துப்பட்டாவை மெல்ல ஆரம்பித்தது. அவள் துப்பட்டாவை இழுக்கவில்லை. கன்றின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தாள். “ஈறு வீங்கியிருக்குப்பா” என்றாள். கடைக்காரர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு தொந்தரவு. குழப்பத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முதலாண்டு முடிவில் ஆலோசகர் புருவத்தை நெரித்தார். “வகுப்புல முதலிடமா? குழம்பினவ எப்படி?”

“எதைப் படிக்கிறதுன்னு தெரியாம எல்லாத்தையும் படிச்சிட்டேன் மேடம்.”

அம்மையார் நெகிழ்ந்துபோனார். மையத்தின் ஆண்டு விழாவில் அவளை மேடையேற்றி, ‘முன்மாதிரிக் குழப்பம்’ என்று கேடயமும் கொடுத்தார்.

செய்தி பரவியது. மறுநாள் காலையில் மையத்தின் வாசலிலிருந்து சந்து முனை வரை பெற்றோர் வரிசை. அவ்வழியே கடைக்குப் போய்க்கொண்டிருந்த கடைக்காரர் வேடிக்கை பார்க்க நின்றார். ஆலோசகர் ஒவ்வொருவரையும் கேட்டார். “உங்க பிள்ளைக்கு எதுல ஆசைன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“சத்தியமாத் தெரியாதுங்க!” என்று ஒவ்வொருவராகக் கையிலடித்துச் சொன்னார்கள்.

முழு உதவிக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள்தான். ஆனால் அந்த வரிசையில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை.