ஓக் மிரான் மென்பொருள் பொறியாளர் ஆன வரலாறு

நாற்பத்தைந்து வயதுக்காரருக்கும் எதிர்காலம் உண்டு என்பதை, முத்திரையிட்டு, வருகைப் பதிவோடு உலகுக்கு அறிவித்த பெருமை 'நாளைய மேதைகள் மென்பொருள் பயிற்சி நிலைய'த்தையே சேரும். அது இஞ்சியோன் நகரின் புப்யோங் ரயில் நிலையத்துக்கு எதிரே, பன்றிக்கறி சூப் கடைக்கு மேலே, நான்காவது மாடியில் இயங்குகிறது. செலவு முழுவதும் அரசாங்கத்துடையது. மாணவர் கொடுக்க வேண்டியது அவருடைய நம்பிக்கை மட்டுமே.

ஓக் மிரான் பத்தொன்பது ஆண்டுகள் ஒரு வங்கிக் கிளையில் வேலை பார்த்தவர். இனி எல்லாம் கைபேசியிலேயே நடக்கும் என்று சொல்லி வங்கி அந்தக் கிளையை மூடியது. மிரானுக்கு 'விருப்ப ஓய்வு' வழங்கியது. விருப்பம் வங்கியுடையது, ஓய்வு மிரானுடையது. ஆளை வெளியே அனுப்பிய அந்த மென்பொருளை எழுதுகிற பக்கத்துக்கே போய்விடுவது என்று அவர் தீர்மானித்தார்.

இயக்குநர் குவாக் அவரை இரு கைகளையும் நீட்டி வரவேற்றார்.

"மேடம், கம்ப்யூட்டருக்கு உங்க வயசு தெரியவே தெரியாது! எங்க கிட்ட படிச்சவங்கள்ல தொண்ணூத்திரண்டு சதவீதம் பேருக்கு வேலை கிடைச்சிருக்கு."

"மீதி எட்டு சதவீதம்?"

"அவங்க மனசார நம்பலை, மேடம்."

பயிற்சி ஆறு மாதம் நடந்தது. காலை ஒன்பதுக்கும் மாலை ஆறுக்கும் வாசலில் உள்ள சதுரக் குறியீட்டைக் கைபேசியால் படம் பிடிக்க வேண்டும். பாடம் புரிந்ததா என்று அரசாங்கம் கேட்பதில்லை. ஆள் வந்ததா என்று மட்டும் கேட்கும். இந்த உயர்ந்த கல்விக் கொள்கையின் பயனாக, வகுப்பில் பாதிப் பேர் முழு வருகையோடு தூங்கினார்கள்.

மிரானோ இதையெல்லாம் அறியாமல் படித்துத் தொலைத்தார். அவர் எழுதிய முதல் நிரல் ஓடிய அன்று கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். வங்கியில் பத்தொன்பது ஆண்டுகளில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. இனி இந்த வேலைதான், வேறு எதுவும் வேண்டாம் என்று அன்றைக்கே மனத்தில் முடிந்து வைத்துக்கொண்டார். வகுப்பிலும் முதலாவதாக வந்தார்.

பிறகு நாற்பத்தொரு நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போட்டார். நாற்பது நிறுவனங்கள் ஆழ்ந்த மௌனத்தால் அவரைக் கௌரவித்தன. நாற்பத்தொன்றாவது நிறுவனம் நேரில் வரச் சொன்னது.

அது சாதாரண நிறுவனம் அன்று. அங்கே பதவி கிடையாது, வயது கிடையாது. அனைவரும் சமம் என்பதற்கு அடையாளமாக எல்லோரும் ஆங்கிலப் பெயர் சூடியிருந்தார்கள். முப்பத்தொரு வயது முதலாளியின் பெயர் லியோ.

"இங்க சாரும் இல்ல, மேடமும் இல்ல. என்னை லியோன்னே கூப்பிடுங்க."

"சரி, லியோ."

லியோவின் காது சிவந்தது. பக்கத்தில் இருந்த குழுத் தலைவன் கெவின் பேனாவைக் கீழே போட்டான்.

"ரொம்ப... நல்லது. ஆமா, நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?"

"இங்க வயசே கிடையாதுன்னீங்களே?"

"கிடையாதுதான். எந்த அளவுக்குக் கிடையாதுன்னு தெரிஞ்சுக்கலாமேன்னுதான்."

கொடுத்த கணக்கை மிரான் இருபதே நிமிடத்தில் முடித்தார். போனால் போகிறதென்று, அவர்கள் கேட்காமலேயே அவர்களுடைய செயலியில் ஒரு பிழையையும் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். கடைசிக் கட்டமாக, குழுவோடு சேர்ந்து மதிய உணவு.

ஒன்பது கிண்ணங்களில் ஆவி பறக்க நூடுல்ஸ் சூப் வந்தது. யாரும் சாப்பாட்டுக் குச்சியைத் தொடவில்லை. மூத்தவர் குச்சியை எடுக்காமல் இளையவர்கள் எடுப்பது எப்படி? எட்டுப் பேரும் மிரானைப் பார்த்தார்கள். முதலாளி எடுக்காமல் வேலை கேட்டு வந்தவர் எடுப்பது எப்படி? மிரான் லியோவைப் பார்த்தார்.

"ஆரம்பிங்க, மேடம்."

"நீங்க ஆரம்பிங்க, லியோ."

"அய்யய்யோ, நீங்க முதல்ல."

"நீங்கதானே முதலாளி?"

"இங்க முதலாளியே கிடையாது, மேடம்!"

"இங்க மேடமும் கிடையாது, லியோ!"

பதவி இருந்தால் பதவியை வைத்து முடிவு செய்யலாம். வயது இருந்தால் வயதை வைத்து முடிவு செய்யலாம். இரண்டையும் ஒழித்துவிட்ட புரட்சி நிறுவனத்தில் அதற்கு வழியே இல்லை. நூடுல்ஸ் சூப்பை முழுவதும் குடித்து, உப்பிக் கிண்ணத்தின் விளிம்புக்கு வந்தது. கடைசியில் கடைக்கார அம்மாள் வந்து, "ஏன், வாயில வைக்க முடியலையா?" என்று அதட்டிய பிறகே ஒன்பது பேரும் ஒரே நொடியில் குச்சியை எடுத்தார்கள்.

லிஃப்ட் வரை வழியனுப்ப வந்த கெவின் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தப்பு பண்ணா நான் எப்படித் திட்டறது? எங்கம்மா உங்களைவிட நாலு வயசுதான் மூத்தவங்க."

"நான் தப்பு பண்ணலையேப்பா."

"அதான் இன்னும் கஷ்டம். என் தப்பைக் கண்டுபிடிச்சுடுவீங்க."

மறுநாள் செய்தி வந்தது: 'தங்கள் சிறந்த திறமையை ஏந்தும் அளவுக்கு எங்கள் நிறுவனம் இன்னும் வளரவில்லை.' மிரான் அதை நான்கு முறை படித்தார். திறமை இல்லை என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஆனால் இயக்குநர் குவாக் தம் மாணவர்களைக் கைவிடுகிறவர் அல்லர். குறிப்பாக, அரசாங்கம் வேலைவாய்ப்புக் கணக்கெடுக்கும் மாதத்தில் கைவிடவே மாட்டார். உடனே கூப்பிட்டு, 'மென்பொருள் துறை முதுநிலை முன்னேற்ற ஆலோசகர்' என்ற பதவியைக் கையில் கொடுத்தார். மிரானின் படம் பயிற்சி நிலையத்தின் லிஃப்ட் கதவில் ஆளுயரத்துக்கு ஏறியது. வேலைவாய்ப்பு விகிதம் தொண்ணூற்று மூன்றுக்கு ஏறியது.

அடுத்த பயிற்சி அணிக்கான அறிமுகக் கூட்டத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். எல்லோரும் எங்கிருந்தோ 'விருப்பத்தோடு' ஓய்வு பெற்றவர்கள். காலணித் தொழிற்சாலையில் மேலாளராக இருந்த மோ கில்யோங் எழுந்து கையை உயர்த்தினார்.

"மேடம், இங்க படிச்சு முடிச்சுட்டு நீங்க எந்தக் கம்பெனியில வேலை பாக்குறீங்க?"

குவாக் வாயைத் திறப்பதற்குள் மிரான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"இங்கதான். ஒரு வரி நிரல்கூட எழுதறதில்ல. உங்களை மாதிரி ஆளுங்களைப் பேசிப் பேசிச் சேக்கறதுதான் என் வேலை. நல்லாப் படிச்சேன், முதலாவதா வந்தேன். நம்ம வயசுக்காரங்களுக்கு இந்தத் துறை தர்ற வேலை இது ஒண்ணுதாங்க. வீட்டுக்குப் போங்க."

குவாக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். கில்யோங் உட்காரவில்லை. மெல்லக் கேட்டார்.

"அந்த ஆள் சேக்கற வேலையில... இன்னொரு இடம் காலியா இருக்குங்களா?"

முப்பது முகங்களும் ஆவலோடு நிமிர்ந்தன. குவாக்கின் முகம் மலர்ந்தது.

"இருக்கு சார், இருக்கு! ஆனா அதுக்கு இந்தப் படிப்பை முடிச்சிருக்கணும்."