நூலால் ஆசியாவை அளந்த மைலர்

ஆசியாக் கண்டம் முழுவதையும் ஒரு முழ நூலால் அளந்து முடித்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில், என் வீட்டுக்கு மூன்றாம் வீட்டில் இருந்தார். மருதானை ஸ்டேஷனில் ரிக்கெற் கொடுத்துப் பென்ஷன் எடுத்தவர். சொந்தப் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. மைலர் என்றால் தபால்காரருக்கும் தெரியும்.

எந்த இரண்டு ஊரைச் சொன்னாலும் பழைய அட்லஸை விரித்து, நூலை வைத்துப் பார்த்து, மைலும் சொல்வார், பிளேன் போகும் நேரமும் சொல்வார். பிளேனில் மட்டும் ஒருநாளும் ஏறியதில்லை.

ஒருமுறை பக்கத்து வீட்டில் கல்யாணப் பேச்சு. அழையாமலே போய் உட்கார்ந்தார்.

“மாப்பிள்ளை டுபாயோ? நாலரை மணித்தியாலம். சண்டை பிடிச்சிட்டு வாற பிள்ளைக்கு வழியிலேயே கோபம் ஆறிப்போடும். சென்னை மாப்பிள்ளையெண்டா ஒண்டேகால்தான். சூடா வந்து இறங்கும்!”

வந்தவர்கள் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிட்டார்கள்.

செத்தவீட்டிலும் விடமாட்டார். “மகன் டோக்கியோவில இருந்தோ வரவேணும்? ஒம்பது மணித்தியாலம். ஆறுதலா அழுங்கோ.”

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன், என் தலையில் வந்து விழும்வரை.

சிங்கப்பூரில் என் மகளுக்குத் தலைப்பிரசவம். மருமகன் கப்பல்காரன், நடுக்கடலில் நிற்கிறார். திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒப்பரேஷன் என்று டொக்டர் ஞாயிறு பின்னேரம்தான் சொன்னார். அன்று காலை எட்டு மணிப் பிளேனில் ஏறினால்தான் போய்ச் சேரலாம். ஆனால் திங்களில் ஏழரை தொடக்கம் ஒன்பது ராகுகாலம்.

“வீட்டால விடியவே வெளிக்கிடுறியள்தானே, அக்கா?” என்றார் மைலர்.

“வீட்டால வெளிக்கிட்டு என்ன? நிலத்தை விட்டு வெளிக்கிடுறது எட்டு மணிக்கல்லோ! நான் போகமாட்டன்.”

மகள் போனில் அழுதாள். “அம்மா, நான் தனியவோ ஒப்பரேஷன் தியேட்டருக்குள்ள போறது?”

நானும் அழுதேன். ஆனாலும் அசையவில்லை. ராகுகாலத்தில் கடைக்குக்கூடப் போகாதவள் நான்.

மைலர் அட்லஸோடு திரும்பி வந்தார். நூலை வைத்தார். “ஆயிரத்து எழுநூறு மைல். நாலு மணித்தியாலம். பேரப்பிள்ளை எங்க பிறக்குது?”

“சிங்கப்பூரில.”

“அப்ப சிங்கப்பூர் மணியைத்தான் பாக்கவேணும். இங்க எட்டெண்டா அங்க பத்தரை. ராகு எழும்பிப் போயிட்டார்.”

“அது ராகுவுக்குத் தெரியுமோ?”

“வானத்திலயே இருக்கிறவருக்கு அட்லஸ் பாக்கத் தெரியாதோ, அக்கா?”

சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்து, மணிக்கூட்டை இரண்டரை மணித்தியாலம் முன்னுக்குத் திருகிவிட்டார். பிறகு நான் என்ன கதைக்க? ஏறினேன்.

ஆறு மணிக்கு மகளின் கை என் கைக்குள் இருந்தது. பேத்தி பிறந்ததும் மைலருக்குப் போன் எடுத்தேன்.

“அது கிடக்கட்டும், அக்கா. சக்கரம் நிலத்தில முட்டேக்க உங்கட மணிக்கூட்டில எத்தினை மணி?”

“சொட்டும் பிசகாமல் ரெண்டரை, மைலர்.”

“ஓம், எனக்குத் தெரியும்” என்று ஒழுங்கைக்கே கேட்கக் கத்தினார்.

பிளேன் கால் மணித்தியாலம் வானத்தில் சுற்றிவிட்டு, இரண்டே முக்காலுக்குத்தான் இறங்கியது. ஒழுங்கையில் அவரைக் கண்டால் நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.