கவுனுக்குக் கீழே தெரிவது

ஒரு மாடிக்கு ஏறுகிற நகரும் படிக்கட்டைக் கட்டடத்தின் இந்தக் கோடியிலும், அடுத்த மாடிக்கு ஏறுகிறதை அந்தக் கோடியிலும் வைக்கலாம் என்று முதன்முதலில் யோசித்த மகானுக்கு ஊர்தோறும் சிலை வைக்க வேண்டும். மனித வரலாற்றில் எத்தனையோ பேர் எத்தனையோ வழி காட்டியிருக்கிறார்கள். ஆனால் ஷூ வாங்க வந்தவனைத் தொப்பி, திரைச்சீலை, தலையணை உறை, வாசனைத் திரவியம் ஆகிய அனைத்தின் வழியாகவும் நடத்திச் சென்று முழு மனிதனாக்கியவர் இவர் ஒருவர்தான். இவர் பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. நன்றி கெட்ட உலகம்.

எங்கள் குடும்பம் அந்த மகானின் அருளுக்குப் பாத்திரமான வரலாற்றை இங்கே பதிவு செய்கிறேன். நான் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எதையும் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றித்தான் செய்து பழக்கம். வீட்டிலும் அப்படியே.

என் மகளுக்கு மறுநாள் காலை பட்டமளிப்பு விழா. துறையிலேயே முதலாவதாக வந்திருக்கிறாளாம். அதனால் மேடையில் முதல் ஆளாக ஏற வேண்டுமாம். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள்.

"அப்பா, எனக்கு டிரெஸ் எல்லாம் வேண்டாம். கவுன் காலேஜ்லயே குடுக்கறாங்க. கழுத்துலேர்ந்து கணுக்கால் வரைக்கும் மூடிடும். கீழ ஷூ மட்டும்தான் தெரியும். என்னோடது அடி பிளந்துடுச்சு. ஒரு கருப்பு ஷூ, சாதாரணமா இருந்தா போதும்."

"நீயும் வாயேன்."

"இன்னிக்கு ஒத்திகைப்பா. போகலைன்னா மேடை ஏத்த மாட்டாங்க. மறந்துடாதீங்க."

மறப்பதாவது! உடனே கூட்டம் கூட்டினேன். நான், என் மனைவி, அடுத்த மாதம் கல்யாணம் ஆகவிருக்கும் என் மகன், கூப்பிடாமலே வந்துவிடும் என் மைத்துனர் ஆகிய நால்வர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. "ஷூ வாங்குவது" என்ற ஒரே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மைத்துனர் மட்டும், "தள்ளுபடி இருந்தால்" என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அதுவும் ஏற்கப்பட்டது.

ஆறு மாடிக் கடையின் நெற்றியில் துணிப்பதாகை தொங்கியது. "வசந்தத்தின் மூன்று கடமைகள்: மணம், பட்டம், வெயில்!" வெயிலும் ஒரு கடமை என்று அதுவரை எனக்குத் தெரியாது. சும்மா வியர்த்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

வாசலிலேயே ஓர் இளம்பெண் எங்களைத் தடுத்தாட்கொண்டாள். கழுத்தில் அளவு நாடா, மார்பில் "நிகழ்ச்சி ஆலோசகர்" என்ற பட்டை.

"வாங்க சார், என்ன நிகழ்ச்சி?"

"ஒரு ஜோடி ஷூ."

"ஷூ நிகழ்ச்சி இல்ல சார். அது அஞ்சாவது மாடி. நிகழ்ச்சி என்ன?"

"பட்டமளிப்பு. பொண்ணுக்கு. நாளைக்கு."

"அவங்களுக்குக் கவுன் குடுத்துடுவாங்க. அவங்க கவலை முடிஞ்சுது." நாடாவை ஒரு சுண்டு சுண்டினாள். "நீங்க என்ன போட்டுக்கப் போறீங்க?"

என் ஐம்பத்துச் சொச்சம் வருட வாழ்க்கையில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. என் கண் கலங்கிவிட்டது.

"இருக்கறதுலயே நல்லதா ஒண்ணு போட்டுக்கலாம்னு..." என்று என் மனைவி இழுத்தாள்.

"போட்டோ எடுப்பாங்க இல்லையா மேடம்?"

"எடுப்பாங்க."

"அந்தப் போட்டோ எத்தனை வருஷம் சுவத்துல தொங்கும்?"

என் மனைவியின் முகம் வெளுத்தது. ஆலோசகர் எங்கள் நால்வரின் மணிக்கட்டிலும் மஞ்சள் ரிப்பன் கட்டினாள். மஞ்சள் என்றால் பட்டமளிப்பு. சிவப்பு என்றால் கல்யாணம். நீலம் என்றால் வெயில். மகனுக்குக் கல்யாணம் என்று மைத்துனர் வாய்தவறிச் சொன்னதும் சிவப்பும் ஏறியது. நீலம் எல்லாருக்கும் பொது என்றாள். மூன்று ரிப்பனோடு நாங்கள் உள்ளே போனபோது மற்ற வாடிக்கையாளர்கள் மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள்.

இரண்டாவது மாடியில் என் மனைவி பட்டமளிப்புக்கு ஓர் உடை எடுத்தாள். பிறகு கல்யாணத்துக்கு ஒன்று எடுத்தாள்.

"இதையே ரெண்டுத்துக்கும் போட்டுக்கலாமே?" என்றேன்.

"ரெண்டு போட்டோவுலயும் ஒரே ஆள்னு தெரிஞ்சுடும்ங்க."

"தெரியட்டுமே. ரெண்டுலயும் நீதானே நிக்கப்போற?"

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

எனக்குப் புரியவில்லைதான். ஆனால் அந்த மாடியில் என் மனைவி காட்டிய புலமையைப் பார்த்து நான் அசந்து போனேன். மகனின் கழுத்தளவு, கையளவு, உட்கார்ந்தால் இடுப்பு, நின்றால் இடுப்பு என எல்லாம் அவள் நுனிநாக்கில் இருந்தன. மருமகளாக வரப்போகிறவளின் தோளகலம் தெரிந்திருந்தது. சம்பந்தியம்மாளின் மணிக்கட்டுச் சுற்றளவுகூடத் தெரிந்திருந்தது. ஒரு புள்ளிவிவரத் துறையையே ஒற்றை ஆளாக நடத்தக்கூடிய பெண்மணியை இத்தனை காலம் நான் வீட்டில் வைத்து வீணடித்திருக்கிறேன்.

மைத்துனர் மூன்று சட்டைகளோடு வந்தார். "ரெண்டு எடுத்தா மூணாவது பாதி விலை, அத்தான். எடுக்கலைன்னா நமக்குத்தான் நஷ்டம்."

"மூணாவது யாருக்கு?"

"முதல்ல நஷ்டத்தத் தடுப்போம். ஆளை அப்புறம் தேடிக்கலாம்."

நான்காவது மாடியில் வெயில். அங்கே ஒரு விற்பனைப் பெண் எனக்கு ஒரு கோடைக்காலக் கோட்டு மாட்டிவிட்டாள். உள்ளே நானும் இன்னொரு குடும்பத் தலைவரும் தாராளமாகக் குடியிருக்கலாம்.

"தொளதொளன்னு இருக்கேம்மா."

"அது தொளதொள இல்ல சார். அது இந்த வருஷம்."

"அப்படின்னா?"

"இந்த வருஷம் எல்லாமே அப்படித்தான். இறுக்கம்கிறது போன வருஷம். இப்ப நீங்க போட்டிருக்கீங்களே, அது..." அவள் என் சட்டையைப் பார்த்து, வயதுக்கு மரியாதை கொடுத்து, வருஷத்தைச் சொல்லாமல் விட்டாள். "காத்து நல்லா உள்ள வரும் சார்."

"வந்து?"

"வெளிய போகும்."

இதைவிடத் தெளிவாக ஓர் உடையின் பயனை யாரும் விளக்கிவிட முடியாது. எடுத்துக்கொண்டேன். தொப்பி ஒன்றும் சேர்ந்துகொண்டது. தொப்பி இல்லாமல் அந்தக் கோட்டைப் போட்டால் காணாமல் போனவன் மாதிரி இருக்கிறேன் என்று மகன் சொன்னான்.

ஒருவழியாக ஐந்தாவது மாடி. கையில் பை பிடிக்க இடமில்லாததால் மைத்துனர் ஒரு பையைப் பல்லில் கடித்திருந்தார். கடைசி வரை தீர்மானத்தை நாங்கள் மறக்கவில்லை என்பதற்கு அந்தப் பல்லே சாட்சி. ஷூ பிரிவின் விற்பனையாளர் முக்காலியை இழுத்துப் போட்டு எங்கள் முன் பணிவாக உட்கார்ந்தார்.

"யாருக்கு சார்?"

"பொண்ணுக்கு. கருப்பு. சாதாரணமா."

"சைஸ்?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். என் மனைவி மகனைப் பார்த்தாள். மகன் மாமாவைப் பார்த்தான். மாமா வாயில் பை இருந்ததால் அவருக்குப் பதில் சொல்லும் கடமை இல்லை.

"இவ்வளவு இருக்கும்" என்று என் மனைவி கையை விரித்துக் காட்டினாள். பிறகு கொஞ்சம் குறைத்துக் காட்டினாள்.

"அவ எதுவும் கேக்க மாட்டாளே, அதான்" என்றாள் விற்பனையாளரிடம். "பெரியவனுக்குன்னா எல்லாம் பாத்துப் பாத்து வாங்கணும். இவ எதைக் குடுத்தாலும் போட்டுக்குவா."

போன் செய்து பார்த்தோம். ஒத்திகையில் போனை அணைத்து வைத்திருந்தாள். பொறுப்பற்ற தலைமுறை.

விற்பனையாளர் நல்ல மனிதர். வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்புவதை அவரால் தாங்க முடியவில்லை. "அவங்க அளவு தெரியாட்டிப் பரவாயில்ல சார். உங்க அளவு தெரியுமில்ல?" என்றார்.

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இருந்தால் நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தென்படவில்லை. அவர் என் காலிலிருந்ததைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார்.

"அட, யார் சார் எடுத்தாங்க இதை? இடது கால் உங்களுக்குக் கொஞ்சம் அகலம். அதுக்குத் தகுந்தா மாதிரி எடுத்திருக்காங்க. காலை அளந்துட்டு வந்திருக்கணும்."

"வீட்டுல எடுத்தாங்க" என்றேன். போன பிறந்தநாளுக்கு வந்தது. யார் கொடுத்தார்கள் என்று அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"நல்ல ஷூதான். ஆனா முனை வட்டமா இருக்கு. இந்த வருஷம் கூர்மை."

மைத்துனர் பையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "பழசக் குடுத்தா தள்ளுபடின்னு போட்டிருக்கான் அத்தான்!"

கொடுத்தேன். புது ஷூ பளபளவென்று இருந்தது. இடது கால் சுண்டுவிரல் மட்டும் ஏதோ முறையிட்டது. சிறுபான்மைக் கருத்து என்று விட்டுவிட்டேன்.

மகளை நாங்கள் கைவிட்டுவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். கல்லாவில் பரிசு அட்டை விற்றார்கள். மேலே "அன்புக்கு அளவில்லை" என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தது. அளவு தெரியாதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் கிடைக்காது. ஒன்று வாங்கினோம்.

மாலையில் மகள் வந்தாள். கூடம் நிறையப் பைகள். "இவ்வளவா!" என்று சிரித்தபடி கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அம்மாவின் உடையை எடுத்து, "நல்லா இருக்கும்மா" என்றாள். அண்ணனின் கோட்டைத் தடவிப் பார்த்தாள். தொப்பியைத் தன் தலையில் வைத்துப் பார்த்தாள். ஷூ பெட்டியைக் கண்டதும் அவசரமாகத் திறந்தாள். பிறகு மெதுவாக மூடினாள்.

"உனக்கு இது" என்று அட்டையை நீட்டினேன். "உனக்குப் பிடிச்சதா நீயே எடுத்துக்கலாம்."

"கடை காலைல எப்பப்பா திறப்பாங்க?"

"பத்து மணிக்கு."

"விழா ஒன்பதுக்கு."

"அதனால என்ன, அட்டை ஒரு வருஷம் செல்லும்!" என்றேன்.

"சரிப்பா" என்றாள். அந்த "சரிப்பா"வில் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள். பிளந்த ஷூவுக்குள் பசை தடவி, தன் பாடப் புத்தகங்களில் தடியானதாகப் பார்த்து அதன் மேல் வைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.

மறுநாள் நாங்கள் காரிலிருந்து இறங்கியபோது வாசலே எங்களைத் திரும்பிப் பார்த்தது. ஒரு பட்டதாரிக்கு இரண்டு பேருக்குத்தான் அனுமதி என்று காவலாளி சொல்லிவிட்டார். மகனும் மைத்துனரும் வெளியே திரையில் பார்ப்பதாக முடிவாயிற்று. என் கோட்டைப் பார்த்த காவலாளி, "உள்ள வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டதை நான் பொருட்படுத்தவில்லை.

முதல் பெயராக என் மகளின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவ்வளவு பெரிய மண்டபம் அமைதியானது. அவள் வரிசையிலிருந்து எழுந்து நடந்தாள். தப். தப். தப். ஒவ்வொரு அடிக்கும் அடித்தோல் வாயைத் திறந்து மூடியது. நாலாவது வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு பத்தாவது வரிசையில் சிரித்தார்கள். தன் புது உடையின் மடிப்பைச் சரிசெய்யக் குனிந்த என் மனைவி நிமிரவே இல்லை.

மேடைப் படிக்குக் கீழே மகள் நின்றாள். குனிந்து இரண்டு ஷூவையும் கழற்றினாள். படி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். வெறுங்காலோடு ஏறினாள். பட்டத்தை வாங்கினாள். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. நானும் எழ முயன்றேன். சுண்டுவிரல் விடவில்லை.

வெளியே மைத்துனர் ஓடி வந்தார். "அத்தான், பிரமாதம்! பக்கத்துல நின்ன அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? இந்தக் கோடைக்கு வெறுங்கால்தான் போலிருக்கு, எந்தக் கடைல எடுத்தாங்கன்னு கேட்டாங்க!"

புகைப்படக்காரர் எங்களை வரிசையாக நிறுத்தினார். தலை முதல் கால் வரை எடுக்கப்போவதாகச் சொன்னார். மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். புல்லில் அவள் கால் விரல்கள் தெரிந்தன. அவள் என் காலைப் பார்த்தாள்.

"கடிக்குதாப்பா?"

"கொஞ்சம். இடது பக்கம்."

"கடிக்கும். உங்களுக்கு ஒன்பது. ஆனா இடது கால் அகலம், முனை வட்டமா இருந்தாத்தான் சரியா வரும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷம் நீங்க தூங்கறப்ப காகிதம் வெச்சு வரைஞ்சு எடுத்துட்டுப் போனேனேப்பா. உங்க பிறந்தநாளுக்கு." அவள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கத் தயாரானாள். "அது எங்கப்பா? வீட்டுல இருக்கா?"

தள்ளுபடியில் போய்விட்டது என்று நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "சரிப்பா" என்றாள்.

அந்த மகானுக்குச் சிலை வைப்பதில் எனக்கு இன்னமும் மறுப்பு இல்லை. முகத்துக்கு மாதிரி தேடி அலைய வேண்டாம், என்னுடையதே போதும். செருப்பால் அடித்தது போல என்று ஒரு பேச்சு உண்டல்லவா? அதற்கு அடிப்பவர் காலில் செருப்பு இருக்க வேண்டிய அவசியமில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.