நுரைக்காத ரத்தம்

நாடி பார்க்காமல், மூச்சுப் பார்க்காமல், நுரையை மட்டும் வைத்தே ஒருவர் பிழைப்பாரா மாட்டாரா என்று தீர்ப்புச் சொன்ன வைத்தியர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் நுரை டாக்டர். மறுக்கிறவர்கள் தாராளமாக மறுக்கலாம். வாதாட எனக்குத் தெம்பில்லை.

உண்மையில் அவர் டாக்டரும் இல்லை. இலங்கை மலைநாட்டில் றொசல்லைக்கு மேலே, மழையும் அட்டையும் முறை வைத்து ஆண்டுகொண்டிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கலக்கிக் கொடுக்கிறவர். தோட்டத்து ஆஸ்பத்திரி என்று நாங்கள் சொன்னதும் ஒரு மரியாதைக்குத்தான். ஒரு தகரக் கூரை, ஒரு பெஞ்சு, ஒரு ஜன்னல், அவ்வளவே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் அதே தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தேன். ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஏறி இறங்கியே என் முழங்கால்கள் இளமையை முடித்துக்கொண்டன.

அவருடைய அலமாரியில் பல மருந்துகள் இருந்தன. ஆனால் அவர் நம்பியது பெராக்சைட் ஒன்றைத்தான். அட்டை கடித்த காலுக்கும் அதுதான், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்ட கைக்கும் அதுதான். காயத்தில் ஊற்றியதும் சுர்ரென்று வெள்ளையாகப் பொங்கும்.

"பாத்தியா ஆத்தா, எப்புடிப் பொங்குது! கெட்டதெல்லாம் கரைஞ்சு வெளிய வருது. நொரை வந்தா உயிரு கெட்டி. தைரியமாப் போ!"

கொழுந்து பறிக்கிற பெண்ணுக்குப் பாதி வலி அந்தப் பேச்சிலேயே போய்விடும். மிச்சப் பாதி மலை ஏறும்போது திரும்பி வரும்.

எங்கள் பெரிய கங்காணிக்குக் காது மந்தம். அவருடைய நிர்வாகத்தின் அஸ்திவாரமே அதுதான். யார் வந்து என்ன குறை சொன்னாலும் "ஆங்?" என்பார். சொல்கிறவர் களைத்துப் போய்த் திரும்பிவிடுவார். ஒருநாள் நுரை டாக்டர் அவரைப் பெஞ்சில் சரித்துப் படுக்க வைத்து, காதில் பெராக்சைட்டை ஊற்றினார்.

"யோவ், காதுக்குள்ள சோறு கொதிக்குதுய்யா!" என்று கங்காணி அலறினார்.

கொதித்து அடங்கியபோது பல வருஷத்து அழுக்கு கரைந்து வழிந்தது. காது கணீரென்று திறந்துகொண்டது. முதன்முதலாக அதில் விழுந்தது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் பெண்கள் அவரைப் பற்றிப் பேசிக்கொண்ட பேச்சு. அந்த வாரமே திரும்பி வந்து கையைக் கூப்பினார்: "டாக்டரய்யா, எடுத்தத எடுத்த எடத்துலயே வச்சிருங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா நெற்றிக் காயத்தோடு வந்தபோது அவருக்கு மருந்து வழிந்து வழிந்து ஒரு பக்கப் புருவம் வெளுத்து, வெள்ளைக்காரத் துரையின் தலைமுடி நிறத்துக்கு வந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு பக்கமாவது துரையானதில் அவருக்குத் திருப்தி.

ஒரு தீபாவளிக்கு ஹட்டன் டவுனில் நானாவின் இறைச்சிக் கடையில் ஒரு சட்டி நிறைய ஆட்டீரல் வாங்கி வந்தேன். வழியில் மறித்த நுரை டாக்டர், "புதுசான்னு பாத்துருவோம் தம்பி" என்று கொஞ்சம் ஊற்றினார். ஈரல் பொங்கிய பொங்கலில் சட்டியே தெரியவில்லை.

"தம்பி, இது இன்னும் சாகல!" என்றார் பரவசமாக.

என் மனைவி அதை அடுப்பில் ஏற்ற மறுத்துவிட்டாள். எங்களுக்கு அந்தத் தீபாவளி பருப்போடு போயிற்று.

பெராக்சைட் பழுப்புப் போத்தலில்தான் வரும். அதில் அவருக்கு ஒரு குறை. "சனம் மருந்தக் கண்ணால பாக்கணும். பாத்தாத்தான் தெம்பு வரும்" என்று, எல்லாவற்றையும் ஒரு பெரிய வெள்ளைக் கண்ணாடி லெமனேட் போத்தலுக்கு மாற்றித் தக்கையை இறுக்கி ஜன்னலில் வைத்தார். மேகம் விலகி வெயில் பட்டால் போதும், தக்கை 'டப்' என்று பறக்கும். காலையில் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு நேரே வந்து வரிசையில் நிற்கிறவர்கள், வெயிலைக் கண்டதும் குனிந்துகொள்ளப் பழகிவிட்டார்கள். பிறகு கொஞ்ச நாளாகத் தக்கை பறக்கவில்லை. போத்தலுக்கும் வயதாகி அடக்கம் வந்துவிட்டது என்று நினைத்தோம்.

அந்தச் சமயத்தில்தான் நான் குறுக்கு வழியில் வேலி தாண்டினேன். துருப்பிடித்த முள்ளுக்கம்பி கெண்டைக்காலை ஆழமாகக் கிழித்துவிட்டது. நொண்டிக்கொண்டே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். நுரை டாக்டர் வழக்கமான உற்சாகத்தோடு ஊற்றினார்.

பொங்கவில்லை.

இன்னும் ஊற்றினார். ஒரு குமிழ்கூட இல்லை. தண்ணீர் மாதிரி வழிந்து செருப்பை நனைத்தது. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நுரை டாக்டர் பேசவில்லை. வாய் ஓயாத மனிதர் பேசாமல் போனால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"வீட்டுக்குப் போயி படுங்க தம்பி" என்றார் மெதுவாக. "நல்லாப் படுங்க."

செத்த ஆட்டின் ஈரலே அப்படிப் பொங்கியது. உயிரோடு உட்கார்ந்திருக்கிற எனக்கு ஒரு குமிழ் இல்லையே! வீட்டுக்கு வருவதற்குள் எனக்குக் கை சில்லிட்டது, நாக்கு வறண்டது, தாடை இறுகியது. கட்டிலில் விழுந்து மனைவியைக் கூப்பிட்டு, சைக்கிளை என் தம்பிக்குக் கொடுத்துவிடச் சொன்னேன்.

"ரத்தம் செவப்பாத்தானே வருது?" என்றாள் அவள்.

"வருது. ஆனா பொங்கலியே!"

"பொங்கறதுக்கு நீங்க என்ன பாலா? எந்திரிச்சு வந்து சாப்புடுங்க."

சாப்பிட்டேன். சாகப்போகிறவனுக்கு இத்தனை பசி எடுப்பது எனக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில், டாக்டரிடம் இன்னொரு தடவை கேட்டுவரச் சொல்லி அவளை அனுப்பினேன். போனவள் சீக்கிரமே திரும்பி வந்தாள். "ஆஸ்பத்திரி பூட்டிக் கெடக்குங்க. அவரு விடியக்காலையிலயே றொசல்ல ரயில் டேசனுக்குப் போனாராம்."

டாக்டரே ஓடிவிட்டார்! அதற்கு மேல் பயப்பட என்னிடம் சக்தி இல்லை. பயப்படுவதும் மலையேறுவது மாதிரிதான். ஓர் இடத்துக்கு மேல் கால் வராது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம், கொட்டுகிற மழையில், தலையில் சாக்குக் கொங்காணியோடு ஓர் உருவம் வாசலில் வந்து நின்றது. நுரை டாக்டர்தான். மடியிலிருந்து புதிய பழுப்புப் போத்தல் ஒன்றை எடுத்தார். ஹட்டன் வரை ரயிலில் போய் மருந்துக் கடையில் வாங்கி வந்திருக்கிறார். இடது கட்டைவிரலில் பெரிய துணிக்கட்டு.

"கையில என்னங்க?" என்றேன்.

"நேத்து நீங்க போன பெறகு மனசு கேக்கல தம்பி. பிளேடால வெரலக் கீறி ஊத்திப் பாத்தேன். எனக்கும் பொங்கல."

"ஐயோ, அப்ப நீங்களும்..."

"செத்தது நாம இல்ல, போத்தல்! வெளிச்சம் பட்டா இந்தச் சாமான் உள்ளுக்குள்ளயே ஒடஞ்சு போயிரும். காத்தெல்லாம் தக்கையோட பறந்துருச்சு. மிச்சம் கெடந்தது வெறுந் தண்ணி. படிச்சதுதான், மறந்து தொலச்சிட்டேன்."

என் காலில் ஊற்றினார். சுர்ரென்று பொங்கியது பாருங்கள்! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"அதே மருந்த ஒங்க வெரல்லயும் ஊத்திக்கிறதுதானே" என்று என் மனைவி அவருடைய துணிக்கட்டை அவிழ்த்தாள். அவிழ்த்தவள் விரலைத் திருப்பிப் பார்த்தாள். "கீறுனேன்னு சொன்னீங்க. இது வெட்டுக் காயமால்ல இருக்கு!"

அவர் தலையைச் சொறிந்தார். "மேலாப்புலதாம்மா மொதல்ல கீறுனேன். சின்னக் காயம்னாலதான் பொங்கலியோன்னு ஒரு சந்தேகம். தம்பியோடது ஆழமாச்சே. அதே ஆழத்துக்குப் பாத்தாத்தானே நிச்சயமாத் தெரியும்?"

 அவள் போத்தலை வாங்கி ஊற்றினாள். அவருக்கும் பொங்கியது. என் காலையும் தன் விரலையும் மாறி மாறிப் பார்த்து அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

என் கால் தழும்பை இப்போது தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவருடைய கட்டைவிரல் மட்டும் அதற்குப் பிறகு சரியாக மடங்கவேயில்லை. பழுப்புப் போத்தலின் மூடியை இறுக்க முடியாமல், "தம்பி, ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்று ஆபீசுக்கு ஆள் அனுப்புவார். எதற்கெடுத்தாலும் அலுத்துக்கொள்கிற நான், அந்த ஏற்றத்தை ஏற மட்டும் ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை.