விட்டுப்போன ஒரு வரி

"இமைகள் கனக்கின்றன" என்றார் மனவசிய நிபுணர், மயிலிறகால் தடவுகிற குரலில்.

"எது கனக்குது?" என்றார் அச்சுக்காரர்.

நிபுணர் சற்று உரக்கச் சொன்னார். அச்சுக்காரர் காதுமிஷினைத் திருகினார். அது ரயில் கிளம்புவதுபோல விசிலடித்தது. மூன்றாவது முறை நிபுணர் கத்தியே சொல்லவேண்டியிருந்தது. கதவுக்கு வெளியே காத்திருந்த மகளுக்குக் கண் சொக்கியது.

வந்த காரியம் சின்னதுதான். மனைவி இறந்துபோன அன்று காலை, அவர் வேலைக்குக் கிளம்பும்போது, அவள் ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி வாசலில் நின்று ஏதோ சொன்னாள். கன்னத்தில் ஒட்டியிருந்த சோப்பு நுரைகூட அவருக்கு ஞாபகம் இருந்தது. உதடு அசைந்தது, கடைசியில் அவள் சிரித்தது, எல்லாம் பளிச்சென்று இருந்தன. என்ன சொன்னாள் என்பது மட்டும் இல்லை. மதியம் படுத்தவள் எழுந்திருக்கவேயில்லை.

அவரோ வாழ்நாளெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். காதை அந்த இரைச்சலுக்குத் தின்னக் கொடுத்திருந்தாலும் கண்ணிலிருந்து ஒரு புள்ளி தப்பாது. நடுவில் ஒரு வரி விட்டுப்போயிருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நிபுணரின் விளம்பரத் தாளை அச்சடித்ததும் அவர்தான். 'மறந்ததை மீட்டுத் தருகிறோம்' என்ற வாசகத்தில் அவர் பிழை எதையும் காணவில்லை.

ஒருவழியாக மயக்கம் வந்தது.

"வாசல்ல நிக்கறாங்களா?"

"நிக்கறா."

"முகம் கவலையா இருக்கா?"

அச்சுக்காரருக்குச் சிரித்த முகம்தான் தெரிந்தது. ஆனாலும் படித்தவர் கேட்கிறாரே என்று உற்றுப் பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது.

"போகவேண்டாம்னு சொல்றாங்களோ?"

"ஆமா. 'இன்னைக்குப் போகாதீங்க'ங்கறா" என்று சொல்லி அவர் அழுதார்.

நிபுணர் கைகொடுத்து வாழ்த்தினார்.

அன்றிலிருந்து அச்சுக்காரருக்குத் தூக்கம் போயிற்று. போகாதே என்றவளைத் தனியே விட்டுவிட்டுப் போன பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். சமாதானமாக ஏதாவது பதில் சொல்லிவிட்டாவது போயிருப்போம் என்ற நப்பாசையில் மறுபடி நிபுணரிடம் போனார். "சலிச்சுக்கிட்டீங்களோ?" என்று அவர் கேட்டதும், "உனக்கு வேற வேலை இல்லையா" என்று தான் எரிந்துவிழுந்தது அவருக்குத் தெள்ளத்தெளிவாக ஞாபகம் வந்தது.

மனசு தாங்காமல் அதை மகளிடம் கொட்டினார். மகள் தேற்றத்தான் வந்தாள். ஆனால் கேட்கக் கேட்க, அதற்கு முந்தின நாள் போனில் அம்மாவின் குரல் கம்மியிருந்ததாக அவளுக்கும் ஞாபகம் வர ஆரம்பித்தது. முதலில் கம்மல், பிறகு இருமல், சாயங்காலத்துக்குள் மூச்சுத்திணறல். அப்பாவும் மகளும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து அழுதார்கள்.

மறுநாள் மகள்தான் எழுந்தாள். அப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு நிபுணரிடம் போய், வந்த ஞாபகத்தை வந்த வழியே அனுப்பிவிடச் சொன்னாள். மீட்பதுதான் தன் தொழில், திருப்பி அனுப்பும் வித்தை தனக்குத் தெரியாது என்று நிபுணர் கையை விரித்தார்.

"எங்கப்பாக்குள்ள இருந்ததை எடுத்தீங்களா, இல்ல நீங்களே உள்ள வெச்சீங்களா?"

"உள்ள இருந்துதாம்மா வந்துச்சு."

"கேள்வி உங்க வாயிலேர்ந்துதானே வந்துச்சு?"

நிபுணர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் காதுமிஷின் ஒருமுறை நீளமாக விசிலடித்துவிட்டு ஓய்ந்தது. சண்டை பாதியில் நிற்க, அப்பாவும் மகளும் ரிப்பேர் கடைக்கு நடந்தார்கள்.

அந்த மிஷின் அச்சுக்காரர் காதில் இருந்ததைவிட ரிப்பேர்காரர் மேஜையில் கிடந்த நாட்கள்தான் அதிகம். அவர் அதைப் பிரித்து ஊதிக்கொண்டிருக்கையில் மகள் நடந்ததையெல்லாம் சொன்னாள்.

ரிப்பேர்காரர் நிமிர்ந்தார். "அவங்க தவறிப்போன அன்னைக்கா? அன்னைக்கு இது எங்கிட்டல்ல இருந்துச்சு? துக்கத்துக்கு வந்தப்ப நான்தானே எடுத்துட்டு வந்து அண்ணன் காதுல மாட்டிவிட்டேன். அதுவரைக்கும் யாரு என்ன சொன்னாலும் தலையாட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு."

மகளுக்கு இப்போது நிஜமாகவே ஞாபகம் வந்தது. பாத்ரூம் எங்கே என்று கேட்ட உறவுக்காரரை அப்பா கட்டிப்பிடித்து அழுதாரே.

மிஷினைக் காதில் மாட்டி, எல்லாவற்றையும் அப்பாவுக்கு மறுபடி சொன்னாள். அவர் அந்தக் காலையை ஆரம்பத்திலிருந்து மறுபடி வாசித்துப் பார்த்தார். வரி விட்டுப்போகவில்லை. அவர் காதுவரைக்கும் வரி வரவேயில்லை. போகாதீங்கவும் இல்லை, வேற வேலை இல்லையாவும் இல்லை. நுரை, துண்டு, சிரிப்பு, அவ்வளவுதான். அச்சு சுத்தமாகத்தான் விழுந்திருக்கிறது.

அவர் மூச்சை விட்டார். எத்தனையோ நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சு.

"ஆனா காது இல்லாம என்னைய ஏன் அத்தனை நாள் விட்டுவெச்சே?" என்று ரிப்பேர்காரரைச் செல்லமாகக் கடிந்தார். "முன்னாடியே ரெடி பண்ணியிருந்தா கேட்டிருப்பேன்ல?"

"ரெடியாத்தாண்ணே இருந்துச்சு. அண்ணிதான் முந்தின நாள் வந்து, 'இன்னும் ரெண்டு நாள் உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி, காது கேக்காதப்பதான் நான் பேசறப்ப என் மூஞ்சியப் பாக்கறாரு'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."