மணமகன் கட்டம் காலி

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. கணவன் என்று பழக்க தோஷத்தில் எழுதிவிட்டேன். அந்தச் சொல்லை எழுத எனக்கு உரிமை உண்டா இல்லையா என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே. இங்கே நாங்கள் இருவரும் நலம். ஒரே வீட்டில், தனித்தனியாக நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மச்சான், இந்த வீட்டின் மாடிப்படிகள் எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் முதியோர் குடியிருப்பு ஒன்றைப் போய்ப் பார்த்தோம். அங்கே தம்பதிகளுக்கான அறை ஒன்றுதான் காலியாக இருந்தது. சன்னலைத் திறந்தால் ஒரு மரம், மரத்தடியில் ஒரு பெஞ்சு. உங்கள் தங்கை அந்தச் சன்னலருகே போய் நின்றவள், கூப்பிட்ட குரலுக்குத் திரும்பவே இல்லை. நிர்வாகி நல்ல மனிதர். "கல்யாணச் சர்ட்டிஃபிகேட் மட்டும் கொண்டுவாங்க சார், மாசக் கடைசி வரைக்கும் அறையைப் பிடிச்சு வைக்கிறேன். அது இல்லாதவங்களுக்குத் தனித்தனிக் கட்டடம்தான். ஆம்பளைங்க மேற்கே, பொம்பளைங்க கிழக்கே" என்றார். அதற்கென்ன, வாங்கிவிட்டால் போகிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். இந்த நாற்பத்தொரு வருடத்தில் எங்களிடம் யாரும் அத்தாட்சி கேட்டதில்லை. நாங்கள் பேசிக்கொள்வதை ஐந்து நிமிடம் கேட்டவர்களுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை.

மறுநாளே இரண்டு பேரும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். ஆவண அறையில் இருந்த அம்மாள், "தேதி சொல்லுங்க" என்றார். நான் இருபத்து நாலு என்றேன், அதே மூச்சில் இவள் பதினேழு என்றாள். எங்கள் வீட்டில் வருடா வருடம் திருமண நாள் இரண்டு முறை வரும் என்பதை அந்த அம்மாளுக்கு விளக்கவேண்டியிருந்தது. "அன்னைக்கு மழை பெஞ்சுது, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றேன். "ஒரு பொட்டுக்கூட விழல. நீங்க வேற யாரையோ கட்டிக்கிட்ட அன்னைக்குப் பெஞ்சிருக்கும்" என்றாள் உங்கள் தங்கை. அம்மாள் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, அலுவலகம் இடம் மாறியபோது அந்த வருடத்துப் பதிவேடுகளை எல்லாம் தாறுமாறாகச் சேர்த்துத் தைத்துவிட்டார்கள், நீங்களே உட்கார்ந்து தேடிக்கொள்ளுங்கள் என்று நான்கு தடித்த புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்தார்.

அந்த அறையை நீங்கள் பார்க்கவேண்டும். கூரை வரைக்கும் அலமாரிகள். உயரத்தில் ஒரே ஒரு சன்னல். அதிலிருந்து சாய்ந்து விழுந்த வெயில் மேசை மேல் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடத்தான் ஆரம்பித்தேன். ஆனால் பத்துப் பக்கம் புரட்டியதும் என்னை அறியாமல் எங்களைத் தேடுவதை விட்டுவிட்டு மற்றவர்களைப் படிக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு கொத்தனாரும் ஒரு செவிலியும். ஒரு பேருந்து நடத்துநரும் ஒரு ஆசிரியையும். ஒருத்தி கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்துக் கட்டத்திலும் கால் நீட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தாள், அவள் கணவர் ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தார். பிறகு அவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் கண் சொக்கிவிட்டது. வெளித் தாழ்வாரத்துப் பெஞ்சில் அத்தனை பேரும் இன்னும் புதுச் சட்டையோடு வரிசையாக உட்கார்ந்திருப்பதாகவும், நானும் நடுவில் உட்கார்ந்திருப்பதாகவும், என் பெயரை மட்டும் யாரும் கூப்பிடாததாகவும் ஒரு நினைப்பு. உங்கள் தங்கை விலாவில் இடித்தாள். "கிடைச்சுது. பதினேழாந்தேதி" என்றாள்.

அவள் முகத்தில் அப்போது இருந்த வெற்றிச் சிரிப்பை நான் இன்னும் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "மணமகள் கையெழுத்து இருக்கு. சாட்சி ரெண்டு பேரும் இருக்காங்க. மணமகன் கட்டம் காலியா இருக்குங்களே" என்றார்.

"நான் இருந்தேனே" என்றேன்.

"எங்க இருந்தீங்க?"

"இவ பக்கத்துலதான்."

"பக்கத்துல இருந்தா போதாதுங்க. கட்டத்துக்குள்ள இருக்கணும்."

அவர் பதிவேட்டைத் தூக்கி வெயிலில் சாய்த்துப் பிடித்தார். கட்டத்துக்குள் மெல்லிய பள்ளமாக ஏதோ ஓடியிருந்தது. "பென்சில்ல போட்டீங்களா?" என்று கேட்டார். உங்கள் தங்கை என்னைப் பார்த்தாள்.

மச்சான், என் தொழில் உங்களுக்குத் தெரியும். நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடம் வரைந்தவன். எங்கள் தொழிலில் எதையும் முதலில் பென்சிலில்தான் போடுவோம். சரிபார்த்த பிறகுதான் அதன் மேல் மை ஓட்டுவோம். ஒரு சின்ன ஓடையைக்கூட நான் நேரடியாக மையில் ஓடவிட்டதில்லை. அன்றைக்கும் அந்தக் கை அந்தப் பழக்கத்தில் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டது. பதிவாளர் சாப்பாட்டு நேரம் என்று பாதி எழுந்து நின்றவர், கவனிக்கவில்லை. நாற்பத்தொரு வருடத்தில் எத்தனையோ கைகள் புரட்டிப் புரட்டி நான் தேய்ந்தே போய்விட்டேன். கல்யாணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்பார்கள். நான் விதைக்கவே இல்லை என்று அரசாங்கம் சொல்கிறது.

வீட்டுக்கு வந்ததும், "மறந்துட்டேன்மா, சாயங்காலம் வந்து மை போடலாம்னு நெனச்சேன், மறந்தே போச்சு" என்றேன். "நான் மையிலதான் போட்டேன்" என்று ஒரே வரி சொன்னாள். பிறகு மூன்று நாள் பேச்சில்லை. நான்காம் நாள், "தனித்தனிக் கட்டடத்துக்கே எழுதிக் குடுத்துடுங்க. கிழக்குப் பக்கம்னா எனக்குக் காலை வெயிலாவது கிடைக்கும்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

உங்களிடம் மட்டும் ஓர் உண்மையைச் சொல்கிறேன், தயவுசெய்து அவளிடம் சொல்லவேண்டாம். நான் மறக்கவில்லை. பென்சிலில் கையெழுத்துப் போட்ட அன்று மாலையே மைப்பேனாவோடு அந்த அலுவலகத்துக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. படியில் நின்றேன். அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் பிழையில்லாமல் தட்டச்சு செய்கிறவள், வாழ்க்கையில் ஒரே ஒரு பிழை செய்துவிட்டாள், ஒரு வாரத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று தோன்றியது. அப்போது அவளுக்குச் சிரமம் இருக்கக்கூடாது, ஒரு ரப்பரால் தீர்ந்துவிடவேண்டும் என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். ஒரு வாரம் போயிற்று, அவள் போகவில்லை. ஒரு மாதம் போயிற்று, போகவில்லை. பிறகு குழந்தை, வேலை, வீடு மாற்றம். இன்றைக்கும் காலையில் அவள் எழுந்து சன்னலைத் திறக்கும் சத்தம் கேட்டால், இன்றும் இருக்கிறாளே என்று எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. ஊமை கண்ட கனவாக இதை இத்தனை வருடம் வைத்திருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்ததாக ஒரு சாட்சி உறுதிமொழி எழுதிக்கொடுத்தால் பதிவை நேர்செய்து தரலாமாம். இன்னொரு சாட்சியான எங்கள் தலைமை எழுத்தர் காலமாகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. மிச்சம் நீங்கள்தான். அந்த நேரத்தில் நீங்கள் என்னைப் பார்க்கவில்லை, வெளியே பூட்டாமல் நிறுத்திவிட்டு வந்த புது சைக்கிளைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருந்தாலும் ஓரக்கண்ணில் நான் பட்டிருக்கமாட்டேனா? உங்கள் மனசாட்சிக்கு இடமிருந்தால், தபாலில் உடனே அனுப்பிவைக்கவும். மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கமும் சிறியவர்களுக்கு ஆசியும். எல்லாரும் நூறாண்டு இருங்கள், கையெழுத்தை மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் பக்கத்தில் இருப்பவன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யவேண்டாம். உறையில் முகவரி எழுதுவது எப்போதும் உங்கள் தங்கைதான் என்பதை மறந்து, கடிதத்தை மேசை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது நின்றுகொண்டே கடைசிப் பக்கம் வரை படித்து முடித்திருந்தாள். மறுநாள் காலையில் கைப்பையோடு வந்து, "கிளம்புங்க" என்றாள். ஆவண அறை அம்மாளிடம், "பழசு அப்படியே இருக்கட்டும். புதுசா ஒண்ணு பதியணும்" என்றாள். இப்போது எங்கள் இருவர் பெயரும் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்ல முப்பது நாள் அவகாசம். அதுவரை அறையைப் பிடித்துவைக்கச் சொல்லி நிர்வாகியிடம் அவளே பேசிவிட்டாள். ஆகவே உறுதிமொழி வேண்டாம், சாட்சிக் கையெழுத்துப் போட நீங்களே நேரில் வரவும். திரும்பி வரும்போது பேருந்தில், "நாப்பத்தொரு வருஷமா நான் போயிடுவேன்னு பாத்துக்கிட்டேவா இருந்தீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இரண்டு நிறுத்தம் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்: "இந்தத் தடவை நீங்க முதல்ல போடுங்க. மை காயிற வரைக்கும் நான் பக்கத்துலயே நின்னு பாக்கறேன்."